ஆஃபர் லெட்டரில் ஒரு சம்பளம், அக்கவுன்ட்டில் ஒரு சம்பளம்

சம்பளம் ஏறும் நாளில் மதியத்துக்கு மேல் என் மேசை போனுக்கு ஓய்வே கிடையாது. அம்பத்தூர் பக்கம் நடுத்தரமான ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. பேக்கிங் செக்ஷனில் இருந்து டிசைன் வரைக்கும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அக்கா, இந்த மாசம் ஏன் குறையுது?" கூட வந்திருக்கிறது என்று இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. கூட வரும் மாதங்களும் உண்டு. அன்றைக்கு மட்டும் போன் சமர்த்தாக இருக்கும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றுகிறது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டில் தனியார் வேலை பார்ப்பவர்களின் கணக்கு இது. வருமான வரி எண்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை.

போன ஜூலை முதல் தேதி டிசைனில் ஒரு பையன் சேர்ந்தான். கல்லூரி முடித்த கையோடு முதல் வேலை. ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 9,00,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்து மாதம் 75,000 என்று வீட்டில் சொல்லிவிட்டான். அவன் அம்மா அதை நம்பி ஒரு சீட்டிலும் சேர்ந்துவிட்டார். முதல் மாதம் அக்கவுன்ட்டில் விழுந்தது 58,100. எச்.ஆரில் கேட்டால் "சி.டி.சி. அப்படித்தான்" என்று சொல்லி என்னிடம் அனுப்பிவிட்டார்கள். பே-ஸ்லிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும், அதையும் கொண்டுவரச் சொன்னேன்.

சி.டி.சி. என்பது கம்பெனி உங்கள் தலையில் எழுதும் மொத்தச் செலவு. அந்த 9 லட்சத்துக்குள் மாறும் சம்பளம், அதாவது வேரியபிள் பே, 90,000 இருந்தது. வருஷக் கடைசியில் கம்பெனியும் நன்றாக ஓடி, மேலாளரும் நல்ல மார்க் போட்டால் வரும். வராமலும் போகும். அடுத்து, பேசிக் சம்பளம் மாதம் 30,000. அதில் 12% கம்பெனி கட்டும் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, மாதம் 3,600. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு என்று, பேசிக்கில் 4.81%, மாதம் 1,443. குரூப் மெடிக்கல் பிரீமியம் ஆண்டுக்கு 9,084, மாதத்துக்கு 757. வேரியபிளை மாதக் கணக்கில் போட்டால் 7,500. இந்த நாலையும் கழித்தால் நிற்பது 61,700. இதுதான் பே-ஸ்லிப்பில் 'கிராஸ்' என்று வரும் எண். இதில் அவன் பங்காக இன்னொரு 3,600 பி.எஃப். பிடித்தோம். மிச்சம் 58,100. வருமான வரி ஒரு பைசா இல்லை. அவன் வந்தபோது கோபமெல்லாம் அரசாங்கத்தின் மேல்தான் இருந்தது. ஆனால் குறைந்த 16,900 ரூபாயில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது எதுவும் இல்லை.

இதில் எனக்கு உறுத்துவது கிராஜுவிட்டி என்று போடும் தொகைதான். சட்டம் சொல்வது, ஒரு வருஷ வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்தை இருபத்தாறு நாளாக வைத்து வகுத்தால் அந்த 4.81% வரும். நிரந்தர ஊழியர் ஐந்து வருஷம் முடித்தால்தான் கையில் கிடைக்கும். டிசைன் பையன்களில் பெரும்பாலோர் இரண்டு, மூன்று வருஷத்தில் தாவிவிடுகிறார்கள். அவர்கள் கண்ணால் பார்க்கப்போகாத பணத்தை அவர்கள் சம்பளம் என்று அச்சடிப்பது சட்ட விரோதம் இல்லை. நேர்மை என்றும் சொல்ல மாட்டேன். ஆஃபர் வந்தால் ஒரே ஒரு கேள்வியை மெயிலில் கேளுங்கள்: "வேரியபிள் இல்லாமல், பி.எஃப். பிடித்த பிறகு, சாதாரண மாதத்தில் கையில் எவ்வளவு?" மெயிலில் கேட்டால் மெயிலில் பதில் வரும். போனில் கேட்டால் 'அரவுண்டு', 'அப்ராக்ஸ்' என்று இழுப்பார்கள்.

பி.எஃப். பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் திட்டு வாங்குவது அதுதான். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் ஊழியர் 12%, கம்பெனி 12%. சட்டப்படி கட்டாயமான ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். 2014 செப்டம்பரில் 6,500-இல் இருந்து உயர்த்தியது. எனவே பேசிக் எவ்வளவு இருந்தாலும் 15,000-க்கு மட்டும் கணக்குப் போட்டு மாதம் 1,800-ஓடு நிறுத்திக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. எங்கள் இடத்தில் முழு பேசிக்குக்கும் பிடிக்கிறோம். "1,800 போதும்க்கா, மிச்சத்தை நானே மியூச்சுவல் ஃபண்ட்ல மாசாமாசம் எஸ்.ஐ.பி. போட்டுக்கறேன்" என்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் எஸ்.ஐ.பி. போடுகிறார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். 2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25%. பெரிய வங்கிகளின் வைப்பில் இது கிடைக்காது. கையில் வராத பணத்தை யாரும் கடன் கேட்க முடியாது என்பது இன்னொரு லாபம். இதை நான் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். கல்யாணமானவர்கள் தலையாட்டுகிறார்கள்.

கம்பெனி பங்கு பாஸ்புக்கில் ஏன் குறைவாகத் தெரிகிறது என்றும் கேட்பார்கள். பழைய உறுப்பினர் என்றால் கம்பெனியின் 12%-இல் 8.33% ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். அதுவும் 15,000 வரைக்கும்தான், அதாவது அதிகபட்சம் 1,250 ரூபாய். மாதம் 30,000 பேசிக் என்றால் கம்பெனி கட்டும் 3,600-இல் 1,250 அங்கே போய், 2,350 உங்கள் பி.எஃப். கணக்கில் விழும். நான் சொன்ன டிசைன் பையனுக்கு இது கிடையாது. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல்முறை சேரும்போதே 15,000-க்கு மேல் வாங்குகிறவர்களை ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. மொத்த 3,600-ம் அவன் பி.எஃப். கணக்குக்கே வர வேண்டும். இதை உங்கள் பாஸ்புக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தப்பாகச் சேர்த்துவிட்டால் பின்னால் பணம் எடுக்கும்போது அலைச்சல்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்ததில் இருந்து ஒரு வதந்தி சுற்றுகிறது, எல்லாருக்கும் கையில் வரும் பணம் குறையப்போகிறது என்று. புதிய வரையறைப்படி, படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியையும் ஊதியமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேசிக்கை வேண்டுமென்றே சின்னதாக வைத்து 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று ஊதிவிடும் வித்தைக்கு இது கடிவாளம். 15,000 உச்சவரம்பில் 1,800 மட்டும் பிடிக்கும் இடங்களில் பி.எஃப். பிடித்தம் இதனால் ஏறாது. முழு ஊதியத்துக்கும் பிடிக்கும் இடங்களில் கூடலாம். கூடினாலும் அது உங்கள் கணக்குக்குத்தான் போகிறது.

தொழில் வரிக்கு வருவோம். செப்டம்பரிலும் மார்ச்சிலும் வரும் போன்களில் பாதி இதற்குத்தான். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது மாதாமாதம் சில்லறையாகப் போய்ப் பழக்கம். இங்கே அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டுவது. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டியவர்களுக்கு 1,250 ரூபாய். ஆண்டுக்கு 2,500-க்கு மேல் எந்த மாநிலத்திலும் வசூலிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 276-ஆம் பிரிவே கட்டிவைத்திருக்கிறது. ஆக அந்த இரண்டு மாதமும் 1,250 குறையும், அவ்வளவுதான். டிசம்பரில் தொழிலாளர் நல நிதிக்கு என்று இன்னும் சில பத்து ரூபாய் போகும். அந்தச் சில பத்து ரூபாய்க்கு வரும் போன்கள்தான் ரொம்ப நீளமானவை.

லீவு விஷயமும் இப்படித்தான். எங்கள் வருகைப் பதிவு 25-ஆம் தேதியோடு மூடப்படும். 27-ஆம் தேதி சம்பளமில்லா லீவு போட்டால் அது அடுத்த மாதச் சம்பளத்தில் வெட்டும். போன மாதம் போட்ட லீவை மறந்துவிட்டு இந்த மாதம் சண்டைக்கு வருவார்கள்.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு, பற்றி டிசைன்காரர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மாதக் கிராஸ் 21,000 வரைக்கும் உள்ளவர்களுக்கு அது. ஊழியர் 0.75%, கம்பெனி 3.25%. பேக்கிங்கில் ஒரு அக்கா, கிராஸ் 20,400. அவருக்குப் பிடிப்பது 153 ரூபாய், கம்பெனி போடுவது 663. அவர் வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ், எல்லாம் இ.எஸ்.ஐ. மூலமாக. ஜூலை இன்க்ரிமென்ட்டில் அவருக்கு 1,200 ரூபாய் ஏறும் என்று லிஸ்ட் வந்தது. 21,600. அந்த லிஸ்ட்டை என்னிடம் டைப் செய்யக் கொடுத்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

ஒன்றும் உடனே நின்றுவிடாது. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. நடுவில் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை முழுச் சம்பளத்துக்கும் பிடிப்போம். ஏப்ரல்-செப்டம்பருக்குக் கட்டியதற்கான உரிமை அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வரும். அதற்குப் பிறகு? மாதம் 1,200 கூட வாங்கிக்கொண்டு வெளியில் டயாலிசிஸ் பார்க்க முடியுமா?

"எனக்கு 550 மட்டும் ஏத்துங்கக்கா, போதும்" என்றார். நான் அவரைவிடச் சின்னவள். ஆனாலும் அங்கே எல்லாருக்கும் நான் அக்காதான். அவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 20,950-இல் நிறுத்தினோம். 21,000 என்ற வரம்பு வைத்தது 2017 ஜனவரியில். அதற்குப் பிறகு பால், வாடகை, பஸ் எல்லாம் எங்கே போயிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வரம்பு மட்டும் அங்கேயே நிற்பதால், ஒரு பெண் தன் சம்பள உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பட்டியல் போடுகிறவளுக்கு அரசியல் பேச இடமில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இனி வருமான வரி. இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் போன் குறையும்: வருமான வரிக்கு மாதம் என்பதே கிடையாது. வரி முழு நிதியாண்டுக்கு. ஏப்ரலில் நான் செய்வது ஒரு ஜோசியம். இந்த ஆள் மார்ச் வரை இதே சம்பளத்தில் இருந்தால் மொத்தம் எவ்வளவு வரும், அதற்கு வரி எவ்வளவு, பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் எவ்வளவு என்று பார்க்கிறேன். இன்க்ரிமென்ட், போனஸ், சம்பளமில்லா லீவு, எது வந்தாலும் ஜோசியம் மாறும். மாறினால் மிச்சமிருக்கும் மாதங்களில் சரிக்கட்ட வேண்டும். அதனால்தான் சம்பளம் மாறாத மாதத்தில்கூட டி.டி.எஸ்., அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வரி, மாறுகிறது.

மாதக் கிராஸ் 1,20,000 வாங்கும் ஒரு சீனியர் இன்ஜினீயரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14,40,000. புதிய வரி முறையில் சம்பளக்காரர் எல்லாருக்கும் உள்ள நிலையான கழிவு, ஸ்டாண்டர்டு டிடக்ஷன், 75,000 போனால் 13,65,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4-இல் இருந்து 8 வரை 5%, அது 20,000. 8-இல் இருந்து 12 வரை 10%, அது 40,000. 12-க்கு மேல் 16 வரை 15%. இவருக்கு மீதி 1,65,000-க்கு 24,750. கூட்டினால் 84,750. அதன் மேல் 4% செஸ், அதாவது வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி, 3,390. ஆக 88,140. மாதம் 7,345. அவர் பங்கு பி.எஃப். பிடித்தமும் இந்த 14,40,000-க்குள்தான் இருக்கிறது. புதிய முறையில் அதற்குக் கழிவு கிடையாது. கையில் வராத பணத்துக்கும் வரியா என்று கேட்டார். ஆமாம்.

அக்டோபரில் அவருக்கு 1,50,000 போனஸ் வந்தது. அது முழுக்க 15% வளையத்தில் விழும். வரி 22,500, செஸ் 900, மொத்தம் 23,400. எங்கள் சாஃப்ட்வேர் அதை மிச்சமுள்ள ஆறு மாதத்துக்குப் பரப்பியது. மாதம் 7,345 இருந்தது 11,245 ஆனது. சில கம்பெனிகளில் போனஸ் மாதத்திலேயே மொத்தத்தையும் வெட்டிவிடுவார்கள். இரண்டிலும் மார்ச்சில் கணக்கு ஒன்றுதான். நவம்பரில் அவர் போன்: "போனஸ் வாங்கினது அக்டோபர்ல. நவம்பர்ல எதுக்குக்கா கூடப் பிடிக்கறீங்க?" அக்டோபரிலேயே 23,400-ஐயும் பிடித்திருந்தால் அக்டோபரில் போன் வந்திருக்கும்.

இப்போது எல்லாரும் பேசும் அந்த 12,75,000. பட்ஜெட் அன்றைக்கு டிவியில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று சொன்னதும் எல்லாரும் பிடித்துக்கொண்டது இதைத்தான். வரி போடும் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், வரும் வரியில் 60,000 வரை தள்ளுபடி. சம்பளக்காரருக்கு ஸ்டாண்டர்டு டிடக்ஷனும் சேர்ந்து 12,75,000 வரை பூஜ்யம். அதற்கு ஒரு ரூபாய் மேலே போனால் 60,000 வரி என்று ஒரு பயம் உலவுகிறது. அப்படி இல்லை. மார்ஜினல் ரிலீஃப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடியதோ, அதைவிட அதிகமாக வரி கேட்க மாட்டார்கள்.

ஆனால் அதைவிடக் குறைவாகவும் கேட்க மாட்டார்கள், அங்கேதான் விஷயம். ஆண்டுக்கு 13,00,000 வாங்குகிறவருக்கு வரி போடும் வருமானம் 12,25,000. ரிலீஃப் இல்லாவிட்டால் வரி 63,750, ரிலீஃபால் 25,000. செஸ் சேர்த்து 26,000. அதாவது 12,75,000 வாங்கியவரைவிட 25,000 கூடச் சம்பாதித்து, 26,000 வரி கட்டி, கடைசியில் 1,000 ரூபாய் குறைவாக எடுத்துப்போகிறார். கிட்டத்தட்ட 13,45,000 வரை இதே கதைதான். அந்த எழுபதாயிரம் ரூபாய் இடைவெளியில் எவ்வளவு ஏற்றிக் கொடுத்தாலும் வீட்டுக்கு எதுவும் போகாது. இன்க்ரிமென்ட் சீசனில் இந்த இடைவெளியில் மாட்டுகிறவர்களை நானே தேடிப்போய்ச் சொல்லிவிடுவேன். புதிய முறையிலும் கம்பெனி உங்கள் பெயரில் கட்டும் என்.பி.எஸ்., அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டத் தொகைக்கு, பேசிக்கில் 14% வரை, கழிவு உண்டு. ஏறும் பணத்தை அந்த வழியில் வாங்கிக்கொண்டால் வரி போடும் வருமானம் 12 லட்சத்துக்குள் நிற்கும். பணம் ஓய்வுக் காலத்துக்குப் பூட்டப்படும்தான். வரியாகப் போவதற்கு அது மேல். உங்கள் கம்பெனியில் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்காதவரை எச்.ஆர். வாயைத் திறக்காது.

பழைய வரி முறை பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. 2023-24 முதல் புதிய முறைதான் தானாக வரும். பழையது வேண்டுமென்றால் ஏப்ரலில் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் கழிவு தரும் 80சி-இல் 1.5 லட்சம், பெரிய வாடகை என்று மூன்றும் இருக்கிற சிலருக்கு மட்டும் இன்னும் கணக்கு ஒத்துவருகிறது. அவர்கள்தான் ஜனவரியில் வாடகை ரசீதோடு வரிசையில் நிற்பார்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு ஓனரின் பான் எண் வேண்டும். ஓனர் தர மாட்டார். ஏப்ரலில் "கட்டுவேன், கட்டுவேன்" என்று எழுதிக் கொடுத்த எல்.ஐ.சி.யையும் கட்டியிருக்க மாட்டார்கள். ஆதாரம் வராததையெல்லாம் நான் கணக்கில் இருந்து எடுத்துவிடுவேன். பத்து மாதம் பிடிக்காமல் விட்ட வரி பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மொத்தமாக விழும். மார்ச் சம்பளம் கைச்செலவுக் காசாகிப்போகும்.

கடைசியாக, வேலை மாறுகிறவர்கள். வருஷ நடுவில் கம்பெனி மாறினால் இரண்டு இடத்திலும் தனித்தனி ஜோசியம் நடக்கும். ஒருவருக்கொருவர் தெரியாது.

இந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் க்வாலிட்டியில் இருந்து ஒரு தம்பி கிளம்பினான். இங்கே மாதம் 90,000. போகும் இடத்தில் 1,40,000. நாங்கள் பன்னிரண்டு மாதத்துக்கு 10,80,000 என்று பார்த்தோம். வரி வரவில்லை, எதுவும் பிடிக்கவில்லை. புதிய இடத்தில் ஆறு மாதத்துக்கு 8,40,000 என்று பார்ப்பார்கள். அங்கேயும் வரி வராது. ஆனால் வருமான வரித் துறைக்கு அவன் ஒரே ஆள். 5,40,000-ம் 8,40,000-ம் சேர்ந்து 13,80,000. ஸ்டாண்டர்டு டிடக்ஷன் ஒருமுறைதான். வரி போடும் வருமானம் 13,05,000, வரி 75,750, செஸ் சேர்த்து 78,780. ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது இது மொத்தமாக எதிரில் வந்து நிற்கும், கூடவே வட்டியும்.

பாக்கி எதுவும் இல்லை என்ற நோ-டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தபோது அவனிடம் சொன்னேன்: புதிய கம்பெனியில் சேர்ந்த வாரமே படிவம் 12பி கொடுத்துவிடு. பழைய இடத்தில் வாங்கிய சம்பளம், பிடித்த பி.எஃப்., பிடித்த வரி எல்லாம் அதில் எழுத வேண்டும். எங்களிடம் இருந்து ஏப்ரல்-செப்டம்பர் சம்பள விவர அறிக்கை ஒன்றும் எடுத்துக்கொடுத்தேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

நவம்பர் முதல் வாரத்தில் போன். குரலிலேயே கோபம் தெரிந்தது.

"அக்கா, நீங்க சொன்னீங்கன்னு 12பி கொடுத்தேன். மாசம் 13,130 பிடிச்சுட்டாங்க!"

78,780-ஐ ஆறால் வகுத்தால் அதுதான் வரும். அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்றேன்.

"கொடுக்காமயே இருந்திருக்கலாம். ஜூலைல கட்டிக்கிட்டிருப்பேன்ல? அதுவரைக்கும் கையில இருந்திருக்கும்."

கட்டியிருக்கலாம்தான். ஆனால் பிடித்தது போக 10,000 அல்லது அதற்கு மேல் வரி பாக்கி இருந்தால் முன்கூட்டியே தவணையில் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. தவறினால் மாதத்துக்கு 1% வட்டி. 13,130-ஐ மாதாமாதம் தனியாக எடுத்துவைத்து ஜூலை வரை தொடாமல் இருப்பாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரிக்கா, விடுங்க" என்றான். "வீட்டுக்காரம்மா ஆபீஸும் மாறப்போறாங்க. அவங்களுக்கும் 12பி எப்படி வரும்னு கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?"

அவள் பே-ஸ்லிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.